சபாநாயகர் நாற்காலியில் ஒரு நீதிபதி: 1978 டிசம்பரில் கே.எஸ். ஹெக்டே விலகி நின்றிருக்க வேண்டுமா?

#1 கொல்லிமலைச்சாரல்

நீதிபதிகள் அரசியலுக்கு வருவதைப் பற்றிப் பேச்செடுத்தால் 2020-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ரஞ்சன் கோகோயில் தொடங்கி அங்கேயே சண்டை முடிந்துவிடுகிறது. எனக்கு ரொம்ப நாளாக வேறொருவரைப் பற்றிப் பேச ஆசை. கவுடூர் சதானந்த ஹெக்டே. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்து மக்களவைச் சபாநாயகர் ஆனவர்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. 1909-இல் கார்கள தாலுகாவில் பிறந்தார். அன்றைக்கு அது சென்னை மாகாணத்தின் தென் கன்னட மாவட்டம். மங்களூரில் படித்துவிட்டுச் சென்னை மாநிலக் கல்லூரிக்கும் சட்டக் கல்லூரிக்கும் வந்தார். ஊர் திரும்பி வக்கீல் தொழில், அப்புறம் அரசு வழக்கறிஞர். 1952-இல் மாநிலங்களவை முதன்முதலாகக் கூடியபோது காங்கிரஸ் உறுப்பினராக டெல்லி போனார். சென்னை மாநிலத்தின் சார்பில்தான் போனார். ஓமந்தூரார் வளாகமும் கோட்டையும் பார்த்த நம் சட்டமன்ற உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் அவர்.

1957-இல் மைசூர் உயர் நீதிமன்ற நீதிபதி. 1966 அக்டோபர் 31-இல் டெல்லி உயர் நீதிமன்றம் உருவானபோது அதன் முதல் தலைமை நீதிபதி. 1967 ஜூலையில் உச்ச நீதிமன்றம்.

1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்தது. 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை, 7-க்கு 6 என்ற முடிவு. அரசியல் சாசனத்தைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்க முடியாது என்று சொன்ன 7 பேரில் ஹெக்டே ஒருவர். அதற்கு அடுத்த நாள் தலைமை நீதிபதி சிக்ரி ஓய்வு பெற்றார். மூப்பில் முன்னால் இருந்த ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என். ரேயை இந்திரா காந்தி அரசு தலைமை நீதிபதி ஆக்கியது. மூவரும் ராஜினாமா செய்தார்கள்.

நான்கு வருடம் கழித்து 1977 தேர்தல். ஜனதா வேட்பாளராகப் பெங்களூர் தெற்கில் நின்று வென்றார். சபாநாயகராக இருந்த சஞ்சீவ ரெட்டி குடியரசுத் தலைவர் தேர்தலுக்காக விலக, 1977 ஜூலை 21-இல் ஹெக்டே அந்த நாற்காலிக்கு வந்தார்.

என் கேள்வி இதுதான். 1978 டிசம்பர் 19 அன்று மக்களவை இந்திரா காந்தியை நாடாளுமன்ற உரிமை மீறலுக்காக அவையிலிருந்து நீக்கி, கூட்டத்தொடர் முடியும்வரை சிறையில் வைக்க முடிவெடுத்தது. அன்று சபாநாயகர் ஹெக்டே. எந்த அரசு அவரைத் தாண்டி வேறொருவரை உட்கார வைத்ததோ, அந்த அரசின் தலைவி அவருடைய அவையில் குற்றம் சாட்டப்பட்டவராக நின்றார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விலகி நின்றிருக்க வேண்டும் என்பது என் கருத்து. அவர் மீது எனக்குள்ள மரியாதையால்தான் இதைச் சொல்கிறேன்.

#2 எதிர்க்கேள்வி

ஐயா, மரியாதை இருக்கட்டும். நீங்கள் கதையை 1973-இலிருந்து பார்க்கிறீர்கள். நான் 1957-இலிருந்து பார்க்கச் சொல்வேன். ஒரு கட்சியின் எம்.பி. நேராக உயர் நீதிமன்ற நீதிபதி ஆகிறார். நியமித்ததும் அதே கட்சியின் அரசு. இன்று இப்படி நடந்தால் இந்தக் குழுவில் எத்தனை பக்கம் ஓடும்? நீதிபதி பதவிக்குப் பிறகு கிடைக்கும் பதவிகளையே எல்லோரும் சந்தேகிக்கிறோம். முன்னால் இருந்த கட்சி அட்டையை யாரும் கேட்பதில்லை.

#3 கொல்லிமலைச்சாரல்

நியாயமான கேள்வி. ஆனால் அதே காங்கிரஸ் அரசின் வங்கி தேசியமயச் சட்டத்தை 1970 பிப்ரவரியில் ரத்து செய்த 11 நீதிபதி அமர்வில் அவர் இருந்தார். ரத்து செய்தவர்கள் பக்கம். அந்தப் பத்துப் பேருக்கு எதிராகத் தனியாக நின்ற ஒருவர் ஏ.என். ரே. அதே ஆண்டு டிசம்பரில், பழைய சமஸ்தான மன்னர்களுக்குக் கொடுத்துவந்த மானியத்தை அரசு நிறுத்தியது பற்றிய மன்னர் மானிய வழக்கு, அதிலும் அரசுக்கு எதிராகத் தனித் தீர்ப்பு எழுதினார். அதிலும் ரே மறுபக்கம். ஆகவே 1973-இல் யார் யாரைத் தாண்டினார்கள் என்பதன் வரைபடம் 1970-லேயே வரையப்பட்டுவிட்டது.

பழைய கட்சிக்கு விசுவாசம் காட்டியிருந்தால் அவர் தலைமை நீதிபதி ஆகியிருப்பார். ஷெலத் 1973 ஜூலையில் ஓய்வு பெற்றிருப்பார், அடுத்து ஹெக்டே, 1974 ஜூன் வரை. ஏறத்தாழ பதினோரு மாதம். அது போனது.

#4 சிரஸ்தார் தாத்தா

தஞ்சாவூர்ப் பக்கம் மாவட்ட நீதிமன்றத்தில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரிய வழக்கெல்லாம் எனக்குப் பேப்பரில் படித்த அறிவுதான். ஆனால் இந்த விலகி நிற்கும் விஷயம் தினமும் பார்த்தது.

ஒரு நாள் காலை வழக்குப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்த நீதிபதி ஒரு பாகப்பிரிவினை வழக்கில் நிறுத்தினார். பிரதிவாதியின் ஊர்ப் பெயரைப் பார்த்தார். "இவங்க தாத்தாவும் எங்க தாத்தாவும் ஒரே தெருங்க. இதை நான் கேட்கக் கூடாது" என்று சொல்லி, வேறு நீதிமன்றத்துக்கு மாற்ற எழுதி அனுப்பச் சொன்னார். இரண்டு தரப்பு வக்கீல்களும் எழுந்து, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, நீங்களே கேளுங்கள் என்றார்கள். "உங்களுக்கு இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாவுக்கு நாளைக்கு வரும்" என்றார். அந்த அம்மாதான் வாதி. அவருக்கு இங்கே நடந்தது எதுவும் கேட்கவில்லை.

அதனால் கொல்லிமலையார் பக்கம் என் ஓட்டு.

#5 மதுரைமல்லி

வணக்கம். சட்டக் கல்லூரி நான்காம் ஆண்டு. இந்த இழையைப் பார்த்ததும் கைகால் பரபரக்கிறது, ஏனென்றால் நிர்வாகச் சட்டப் பாடத்தில் நாங்கள் மனப்பாடம் செய்கிற ஏ.கே. க்ரைபக் வழக்கின் தீர்ப்பை எழுதியது ஹெக்டேதான்! 1969 ஏப்ரல் 29. யாரும் இன்னும் சொல்லவில்லையே என்று வருகிறேன்.

கதை இது. ஜம்மு காஷ்மீர் வனத்துறை அதிகாரிகளிலிருந்து இந்திய வனப் பணிக்கு ஆள் எடுக்க ஒரு தேர்வுக் குழு. குழுவில் மாநிலத்தின் பொறுப்புத் தலைமை வனப் பாதுகாவலரும் ஓர் உறுப்பினர். அவரே ஒரு வேட்பாளரும் கூட. தன் பெயர் வந்தபோது அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஆனால் போட்டியாளர்களின் பெயர்கள் வந்தபோது உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அவர் அந்தப் பதவிக்கு வந்ததே மூத்தவர்களைத் தாண்டித்தான். தாண்டப்பட்டவர்கள் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்திருந்தார்கள். தேர்வுப் பட்டியல் வெளிவந்தபோது இவர் பெயர் முதலில் இருந்தது, அவர்கள் பெயர் இல்லை.

குழுவின் மற்ற உறுப்பினர்கள் எல்லோரும், அவர் எங்களை எந்த வகையிலும் பாதிக்கவில்லை என்று பிரமாணப் பத்திரம் போட்டார்கள். அதை ஹெக்டே ஏற்கவில்லை. ஒரு குழுவாகக் கூடிப் பேசும்போது ஒருவருடைய பாதிப்பு மற்றவர்கள் மேல் அவர்களுக்கே தெரியாமல் படியும், பாரபட்சம் இருந்ததா என்று நிரூபிக்க வேண்டாம், இருக்க நியாயமான வாய்ப்பு இருந்ததா என்று பார்த்தால் போதும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். மொத்தத் தேர்வையும் ரத்து செய்தார்கள். நிர்வாக முடிவுக்கும் நீதி சார்ந்த முடிவுக்கும் நடுவே இருக்கும் கோடு மெலிந்துகொண்டே போகிறது என்றும் அதில் சொல்லியிருக்கிறார்.

இப்போது மூப்பு தாண்டப்பட்டவர் யார், உள்ளே உட்கார்ந்திருந்தவர் யார் என்று 1978-ஐ வைத்துப் பாருங்கள். எனக்கு இந்த வாரம் மூட் கோர்ட் (மாணவர்களுக்கான மாதிரி நீதிமன்றப் போட்டி) தயாரிப்பு ஓடவில்லை.

#6 கொல்லிமலைச்சாரல்

மல்லி, நான் அடுத்த பதிவில் எழுத வைத்திருந்ததை நீ என்னைவிட நன்றாக எழுதிவிட்டாய் அம்மா. என் வாதமே அதுதான். நான் வெளியிலிருந்து ஓர் அளவுகோலைக் கொண்டுவந்து அவரை அளக்கவில்லை. அளவுகோல் அவருடையது.

#7 எதிர்க்கேள்வி

ஒப்பீடு அழகாக இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. க்ரைபக்கில் குழுதான் முடிவெடுத்தது, அந்த அதிகாரி குழுவில் ஓர் ஓட்டு. மக்களவையில் முடிவெடுத்தது அவை. சபாநாயகருக்கு ஓட்டே கிடையாது, சம வாக்கு விழுந்தால் மட்டும் போடலாம். 100-ஆவது சரத்தைப் படியுங்கள். ஜனதாவுக்குப் பெரும்பான்மை இருந்தது, அவர் ஓட்டுத் தேவைப்படவே இல்லை. நாற்காலியில் வேறு யார் இருந்திருந்தாலும் அன்று அதேதான் நடந்திருக்கும்.

இன்னொன்று. அவர் இந்திரா காந்தியின் கட்சிக்கு எதிராகவே நடந்தார் என்று யாராவது நினைத்தால், 1978 ஏப்ரலைப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஜனவரியில் காங்கிரஸ் உடைந்தது. அவையில் இந்திரா பக்கம் எண்ணிக்கை கூடியதும், சவானுக்குப் பதிலாக இந்திரா காங்கிரஸின் சி.எம். ஸ்டீபனை எதிர்க்கட்சித் தலைவராக அங்கீகரித்தது இதே சபாநாயகர். அதற்கு முந்தைய ஆண்டுதான் எதிர்க்கட்சித் தலைவருக்குச் சம்பளமும் சட்ட அந்தஸ்தும் கொடுக்கும் சட்டம் வந்திருந்தது, ஆகவே அது வெறும் மரியாதைப் பதவி இல்லை. கோபம் இருந்த மனிதர் அங்கே இழுத்தடித்திருக்கலாம். இழுத்தடிக்கவில்லை.

#8 பெங்களூர்வாசி

பெங்களூர் தெற்கு பற்றி ஒரு வார்த்தை. 1977-இல் வட இந்தியா முழுக்க காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது, ஆனால் தெற்கே கதை வேறு. கர்நாடகத்தில் 28 தொகுதிகளில் 26 காங்கிரஸுக்குப் போயின. ஜனதாவுக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு, அதில் ஒன்று ஹெக்டே. தோற்றவர் கெங்கல் ஹனுமந்தய்யா, பெங்களூரின் சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவைக் கட்டிய முன்னாள் முதல்வர். சாதாரண ஆள் இல்லை.

எங்கள் குடும்பம் அப்போதே ஜெயநகரில். அப்பா பொதுத்துறை நிறுவனத்தில் வேலை, வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். அந்தத் தேர்தலைப் பற்றி அவர் நிறையச் சொல்வார். இரவு போன் போட்டுக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

#9 மதுரைமல்லி

எதிர்க்கேள்வி அண்ணா, ஓட்டு இல்லை என்பது சரி. ஆனால் சபாநாயகருக்கு வேறு இரண்டு அதிகாரம் இருக்கிறது. மக்களவை விதிகளை எடுத்துப் பார்த்தேன்.

விதி 222: சபாநாயகரின் இசைவு இருந்தால்தான் ஓர் உறுப்பினர் உரிமை மீறல் பிரச்சினையை அவையில் எழுப்பவே முடியும். விதி 313: உரிமைக் குழுவின் உறுப்பினர்களை நியமிப்பது சபாநாயகர்.

இந்த விவகாரம் 1977 நவம்பரில் தொடங்கியது. இந்திராவின் மகன் சஞ்சய் காந்தியின் மாருதி நிறுவனம் பற்றி மக்களவையில் கேட்கப்பட்ட கேள்விக்குத் தகவல் திரட்டிய அதிகாரிகளைத் தடுத்தார்கள், தொல்லை கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அது நடந்தது 1975-இல், முந்தைய மக்களவைக் காலத்தில். மது லிமயேயும் கன்வர்லால் குப்தாவும் கொண்டுவந்த தீர்மானத்தின்படி 1977 நவம்பர் 18-இல் அது உரிமைக் குழுவுக்குப் போனது. குழுத் தலைவர் சமர் குகா. ஒரு வருடம் விசாரித்து 1978 நவம்பரில் அறிக்கை வந்தது. அதே நவம்பரில்தான் இந்திரா காந்தி சிக்மகளூர் இடைத்தேர்தலில் ஜெயித்து அவைக்குள் வந்தார்.

ஆகவே டிசம்பர் 19 கடைசிப் படி. வாசலைத் திறந்தது 1977 நவம்பர். அந்த வாசலின் சாவி சபாநாயகரிடம் இருந்தது. கலைந்துபோன அவையின் உரிமையை மீறியதற்குப் புது அவை தண்டிக்கலாமா என்பது உண்மையான சட்டக் கேள்வி. அதில் முதல் கட்டத் தீர்மானம் அவருடைய மனத்தில்தான் நடந்திருக்க வேண்டும். 1981 மே 7-இல் அடுத்த மக்களவை, 1978 நடவடிக்கை நாடாளுமன்ற உரிமை பற்றிய சட்டக் கொள்கைகளுக்கே முரணானது என்று சொல்லி அந்த முடிவை ரத்து செய்தது.

#10 எதிர்க்கேள்வி

1981-இல் ரத்து செய்ததும் ஒரு பெரும்பான்மைதான், இந்த முறை இந்திராவின் பெரும்பான்மை. அதை நியாயத்துக்கு ஆதாரமாக எடுக்க மாட்டேன். ஆனால் விதி 222 பற்றிச் சொன்னது என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

#11 சிரஸ்தார் தாத்தா

ஒரு சந்தேகம். நீதிபதி விலகினால் வழக்கை இன்னொரு நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். சபாநாயகர் விலகினால் எங்கே அனுப்புவது? நாட்டுக்கு ஒரே மக்களவைதானே.

#12 மதுரைமல்லி

தாத்தா, துணை சபாநாயகர் இருந்தார், கோதே முரஹரி. சபாநாயகர் அவையில் இல்லாத நேரத்தில் துணை சபாநாயகர் நடத்துவார், 95-ஆவது சரத்து. இன்னும் சுவாரசியமானது 96-ஆவது சரத்து. சபாநாயகரை நீக்கும் தீர்மானம் விவாதத்தில் இருக்கும்போது அவர் தலைமை தாங்கக் கூடாது என்று அரசியல் சாசனமே சொல்கிறது. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்ற கொள்கை சபாநாயகருக்கும் பொருந்தும் என்பதை எழுதியவர்கள் உணர்ந்தே இருந்தார்கள். ஆனால் அந்த ஒரு சூழலுக்கு மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிட்டார்கள்.

#13 வடமராட்சி

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுறன். எங்களுக்கும் ஒருவர் இருக்கிறார், இலங்கை உயர் நீதிமன்ற (உங்கட உச்ச நீதிமன்றம் மாதிரி) நீதியரசராக இருந்து 2004-இல் ஓய்வு பெற்று, 2013-இல் வட மாகாண முதலமைச்சரான விக்னேஸ்வரன் ஐயா. இடையில் ஒன்பது வருசம். அரசியலுக்கு வந்த பிறகும் அவர் பேச்சு தீர்ப்பு மாதிரித்தான் இருக்கும், முதலில் சங்கதிகள், பிறகு காரணங்கள், பிறகு முடிவு. 2015 பெப்ரவரியில் மாகாண சபையில் இன அழிப்புத் தீர்மானத்தைக் கொண்டு வந்தபோதும் அப்படித்தான் கட்டியிருந்தார். அவரை மதிக்கிற ஆக்களே, கட்சியையும் சபையையும் கொண்டு நடத்துவது வேறு வித்தை, அதற்கு நீதிமன்றப் பழக்கம் உதவவில்லை என்று சொல்வினம். நீதிமன்றத்தில் நீதியரசர் சொன்னால் அது முடிவு. சபையில் சொன்னால் அது தொடக்கம் மட்டும்தான்.

ஹெக்டே பற்றி இண்டைக்குத்தான் அறிஞ்சன். அவர் முதலில் எம்.பி. ஆக இருந்தது அவருக்குப் பெரிய வித்தியாசத்தைக் கொடுத்திருக்கும் என்று நினைக்கிறன். சபை எப்படி நடக்கும் என்று தெரிஞ்சு போனவர்.

#14 கொல்லிமலைச்சாரல்

வடமராட்சி, அருமையாகச் சொன்னீர்கள். இரண்டு உலகத்தையும் முன்னும் பின்னும் பார்த்தவர் என்பதால்தான் அவர் எனக்கு இத்தனை முக்கியமாகப் படுகிறார். நம் ஊரில் வி.ஆர். கிருஷ்ண ஐயரும் அப்படித்தான். 1952-இல் கூத்துப்பறம்பிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்கு வந்தவர், 1957-இல் கேரள அமைச்சர், 1973 ஜூலையில் உச்ச நீதிமன்றம். ஆனால் அவர் நீதிபதி ஆன பிறகு பேரவைக்குத் திரும்பவில்லை.

எனக்கு இதில் இன்னொரு தனிப்பட்ட வலியும் உண்டு. 1973-இல் ரே நியமனத்தை மக்களவையில் முன்னின்று நியாயப்படுத்தியவர் அன்றைய மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம். நாங்கள் நாமக்கல், திருச்செங்கோட்டுப் பக்கம். குமாரமங்கலம் எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. அவருடைய அப்பா சுப்பராயன் குடும்பம் என்றால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எழுந்து நின்று பேசுவார்கள். சென்னையில் அட்வகேட் ஜெனரலாக இருந்த அந்த அறிவாளி, நீதிபதியின் சமூகப் பார்வையையும் அரசு கணக்கில் எடுக்கலாம் என்று வாதாடினார். மூப்பு மட்டுமே தலைமை நீதிபதி பதவிக்குத் தகுதி ஆகாது என்று 1958-இல் சட்ட ஆணையம் சொன்னதைத் துணைக்கு எடுத்தார். அந்த ஆணையத்தின் தலைவர் செதல்வாட். அவரே 1973-இல் இந்த நியமனத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். தன் அறிக்கையைத் தனக்கு எதிராகப் படிப்பதைப் பார்க்க அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

அந்த ஆண்டு மே மாதம் 31-ஆம் தேதி டெல்லிக்கு அருகே விமான விபத்தில் குமாரமங்கலம் இறந்துபோனார். அவர் எடுத்த நிலைப்பாடு தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதை எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்குகிறது.

#15 எதிர்க்கேள்வி

சரி, விலகி நிற்பது என்ற கேள்விக்குத் திரும்புவோம். அந்தக் காலத்தில் அப்படி விலகி நின்றவர் யாராவது உண்டா? யாருமே செய்யாத ஒன்றை ஹெக்டேயிடம் மட்டும் கேட்பது சரியா?

#16 கொல்லிமலைச்சாரல்

உண்டு. எச்.ஆர். கன்னா.

1966-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தொடங்கியபோது இருந்தவர்கள் நான்கே நீதிபதிகள். ஹெக்டே தலைமை நீதிபதி, மற்ற மூவரில் ஒருவர் கன்னா. கேசவானந்த பாரதியில் 7-க்கு 6 என்று சாய்த்தது கன்னாவின் கருத்துத்தான். எமர்ஜென்சியில் ஆள்கொணர்வு மனு வழக்கில், 1976 ஏப்ரல் 28 அன்று, நான்கு பேருக்கு எதிராகத் தனியாக நின்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 1977 ஜனவரியில் அவரையும் தாண்டி பெக் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். கன்னாவும் ராஜினாமா செய்தார். ஹெக்டேக்கு நேர்ந்தது அப்படியே அவருக்கும் நேர்ந்தது.

ஜனதா ஆட்சி வந்ததும் எமர்ஜென்சி அத்துமீறல்களை விசாரிக்கும் ஆணையத்துக்குத் தலைமை தாங்கச் சொல்லி அவரைக் கேட்டார்கள். மாட்டேன் என்றார். இந்திரா காந்திக்கு எதிராகத் தனக்குப் பாரபட்சம் உண்டு என்ற தோற்றம் வரும் என்பதுதான் காரணம். சட்ட ஆணையத்தின் தலைவராகப் போனார். விசாரணை ஆணையம் முன்னாள் தலைமை நீதிபதி ஜே.சி. ஷாவிடம் போனது.

ஒரே காயம் பட்ட இரண்டு பேர், முன்பு ஒரே நீதிமன்றத்தில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தவர்கள். ஒருவர் ஒதுங்கினார்.

#17 எதிர்க்கேள்வி

குரோவரையும் சேர்க்க வேண்டும். அவரும் தாண்டப்பட்டவர். 1977-இல் கர்நாடக காங்கிரஸ் முதல்வர் தேவராஜ் அர்ஸ் மீதான விசாரணை ஆணையத்துக்குத் தலைமை ஏற்றார். ஆகவே கன்னா ஒருபக்கம், குரோவர் மறுபக்கம். கன்னாவும் 1982-இல் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றவர்தான், அதையும் மறைக்க வேண்டாம்.

என் நிலைப்பாடு இப்போது இது. நீதிபதியாக இருந்த ஒருவர் கட்சிச் சீட்டில் நின்று எம்.பி. ஆவதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன், ராஜினாமாவுக்கும் தேர்தலுக்கும் நடுவே நான்கு வருட இடைவெளி இருந்தது, மக்கள் ஓட்டுப் போட்டார்கள். சபாநாயகர் ஆவதும் தப்பில்லை. 1977 நவம்பரில் இசைவு கொடுக்கும் வேலையைத் துணை சபாநாயகரிடம் விட்டிருக்கலாம். அதைச் செய்யாதது குறை. ஆனால் 1978 டிசம்பரில் நாற்காலியை விட்டு இறங்கியிருந்தால் அதுவே, நான் நடுநிலையாக இல்லை என்று ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும், அப்புறம் மீதிக் காலம் அந்த அவையை எப்படி நடத்துவது? 1979 ஜூலையில் மொரார்ஜி அரசு ஆடியபோது அந்த நாற்காலிக்கு எவ்வளவு நம்பகம் தேவைப்பட்டது என்று யோசியுங்கள். ஒரு பக்கம் சவானின் நம்பிக்கையில்லாத் தீர்மானம், மறுபக்கம் தினமும் கட்சி மாறும் உறுப்பினர்கள், கட்சித் தாவல் தடைச் சட்டம் வரும் முன்.

#18 சிரஸ்தார் தாத்தா

தம்பி, ஒரு வழக்கில் விலகிய நீதிபதி மற்ற வழக்குகளை அடுத்த நாளே கேட்கிறாரே. நான் சொன்ன அந்த நீதிபதியும் பத்தரை மணிக்கு ஒன்றில் விலகிவிட்டு, பதினொன்றுக்கு அடுத்த வழக்கில் சாட்சி விசாரித்தார். அதனால் அவர் மேல் மரியாதை கூடியது, குறையவில்லை.

#19 எதிர்க்கேள்வி

இதற்கு என்னிடம் பதில் இல்லை தாத்தா.

#20 நேத்ராவதி

மங்களூர் பக்கம் தெரலகட்டையில் செவிலியராக இருக்கிறேன், சொந்த ஊர் தென்காசி. இங்கே அவர் பெயரிலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பேருந்தில் தினமும் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டே போகிறேன். கார்களத்துக்குப் பக்கத்தில் நிட்டே என்ற கிராமத்தில் 1979-இல் அவர் ஆரம்பித்த கல்வி அறக்கட்டளையிலிருந்து வளர்ந்தது அது. சபாநாயகராக இருந்த காலத்திலேயே ஊரில் இதைத் தொடங்கியிருக்கிறார். இங்கே பெரியவர்களிடம் கேட்டால் உச்ச நீதிமன்றம், இந்திரா காந்தி எல்லாம் அப்புறம்தான், நிட்டேயில் பள்ளிக்கூடம் வந்ததுதான் முதலில். அவருடைய மகன் சந்தோஷ் ஹெக்டேயும் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், பிறகு கர்நாடக லோக் ஆயுக்தா. அவரைப் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும், சுரங்க ஊழல் அறிக்கையால்.

சிக்மகளூர் இங்கிருந்து மலைக்கு அந்தப் பக்கம். இந்திரா காந்தி ஜெயித்து வந்த சிக்மகளூர் ஊருக்கும் சபாநாயகரின் சொந்த ஊருக்கும் நடுவே இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலை மட்டும். இதை நினைத்தபோது எனக்குச் சிலிர்த்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

#21 பெங்களூர்வாசி

அப்பாவிடம் பேசிவிட்டேன். 86 வயது, காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் சுத்தம். அவர் ஹெக்டேக்குத்தான் ஓட்டுப் போட்டாராம். ஏன் என்று கேட்டேன். "பதவி போனப்போ எழுதிக் கொடுத்துட்டு வந்தார்ல, அதுக்கு" என்றார். ஹனுமந்தய்யா மேல் கோபமில்லை, கல்யாணமான புதிதில் அம்மாவைக் கூட்டிப் போய்க் காட்டிய விதான சௌதா அவர் கட்டினதுதானே என்று சொன்னார்.

பிறகு டிசம்பர் 19 பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அன்று ரேடியோவில் செய்தி கேட்டபோது வீட்டில் சித்தப்பா கைதட்டினாராம், இவர் ரேடியோவை அணைத்துவிட்டாராம். "நான் ஓட்டுப் போட்டது நீதிபதிக்குடா. அந்த அம்மா செஞ்சது தப்புதான். ஆனா அன்னிக்கு அந்த நாற்காலியில வேற யாராவது உட்கார்ந்திருந்தா நானும் தட்டியிருப்பேன்" என்றார்.

#22 மதுரைமல்லி

அக்கா, இதை என் மூட் கோர்ட் வாதத்தில் பெயர் சொல்லாமல் பயன்படுத்தலாமா? சனிக்கிழமை சுற்று. நான் எதிர் மனுதாரர் தரப்பு, க்ரைபக்கை நான்தான் சமாளிக்க வேண்டும்.

#23 பெங்களூர்வாசி

தாராளமாக. அப்பாவிடம் சொன்னேன், சந்தோஷம். எந்தத் தரப்பு என்று மட்டும் கேட்டார். எதிர்த் தரப்பு என்றதும், "அப்ப அந்தப் பொண்ணுக்குக் கஷ்டம்தான்" என்றார்.